ஸ்போர்ட்ஸ் எம்மிக்கு என்ட்ரி அனுப்பப் போறீங்களா? மேட்ச்ச விடுங்க, வேலையக் காட்டுங்க

சீசன் முடிஞ்சா போதும், மேட்ச்ச லைவா ஒளிபரப்பற ட்ரக்ல வேலை பாக்கறவங்க யாராச்சும் ஒருத்தர் இதக் கேட்டுடுவாங்க. "நாங்க கவர் பண்ண மேட்ச் ரெண்டு ஓவர்டைம் போச்சு, கடைசி செகண்ட்ல பாஸ்கெட் விழுந்துச்சு, அரங்கமே எழுந்து நின்னுச்சு, இத அப்படியே அனுப்பினா எம்மி கன்ஃபார்ம்தானே?" கிடைக்கலாம், ஆனா அந்தக் காரணத்துக்காகக் கிடைக்காது. பாஸ்கெட் போட்டது ப்ளேயர், அவருக்குக் கப்பு, மோதிரம்னு தனியா இருக்கு. ஸ்போர்ட்ஸ் எம்மிங்கறது அமெரிக்க டிவி விருது, அத குடுக்கறது அந்த பாஸ்கெட்ட வீட்ல உக்காந்திருக்கறவங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆளுங்களுக்கு. அதனால ஜட்ஜ் பாக்கறது "மேட்ச் எப்படி இருந்துச்சு"ங்கறத இல்ல, "இவங்க அதுல என்ன பண்ணாங்க"ங்கறத. இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ சொல்ற எல்லாமே தானா புரிஞ்சிடும், இத மறந்துட்டீங்கன்னா எவ்ளோ நல்ல மேட்ச் கையில இருந்தாலும் பத்தோட பதினொண்ணா போயிடும்.

முதல்ல யாரு குடுக்கறாங்கன்னு தெளிவாயிடுங்க, ஏன்னா இதுலயே நெறைய பேர் குழம்பறாங்க. டிவி சீரியல், காமெடிக்கெல்லாம் குடுக்கற ப்ரைம்டைம் எம்மி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இருக்கற டெலிவிஷன் அகாடமியோடது. ஸ்போர்ட்ஸ் எம்மி அது இல்ல, அது நியூயார்க்ல இருக்கற நேஷனல் அகாடமி ஆஃப் டெலிவிஷன் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸஸ், அதாவது எல்லாரும் நாட்டாஸ்னு சொல்றாங்களே, அவங்க குடுக்கறது. றெக்கை வச்ச பொண்ணு கையில அணுவத் தூக்கிட்டு நிக்கற அதே சிலைதான், ஆனா வேற சபை, வேற ரூல் புக். ஒரு காலண்டர் வருஷத்துல அமெரிக்காவுல ஒளிபரப்பானத அடுத்த வருஷம் மதிப்பிடறாங்க, ஸ்ட்ரீமிங்ல போனதும் இதுல சேர்த்தி. 45வது விழா 2024 மே 21ஆம் தேதி நியூயார்க்ல லிங்கன் சென்டரோட ஜாஸ் அரங்கத்துல நடந்துச்சு, 46வது 2025 மே 20. அப்ப ஒரு என்ட்ரிக்கு நீங்க உக்கார வேண்டியது மே மாசத்துல இல்ல, அதுக்கு முந்தின வருஷம் முழுக்க.

எந்தக் கதவைத் தட்டணும்

நாடு முழுக்கப் போன ப்ரோக்ராமா இருந்தா நேஷனல் ஸ்போர்ட்ஸ் எம்மி. ஒரு ஏரியாவுக்குன்னு தயாரிச்சது, உதாரணத்துக்கு ஒரு டீமோட ஹோம் கேம்ஸ மட்டும் காட்டற ரீஜனல் சேனல், லோக்கல் ஸ்டேஷன்ல வர்ற ஹைஸ்கூல் அமெரிக்க ஃபுட்பால் ஷோ, இதெல்லாம் நாட்டாஸோட அந்தந்த ஏரியா கிளை, அதாவது சாப்டர், நடத்தற ரீஜனல் எம்மிக்குப் போகணும். ரீஜனல்னா கம்மின்னு நினைக்காதீங்க, அதுலயும் லைவ் கேம், ஸ்போர்ட்ஸ் ஸ்டோரி, ஸ்போர்ட்ஸ் ப்ரோக்ராம்னு கேட்டகரி இருக்கு, உங்க என்ட்ரிய உங்க ஊர் ஆளுங்க ஜட்ஜ் பண்ண மாட்டாங்க, வேற சாப்டர்ல இதே தொழில் பண்றவங்கதான் பண்ணுவாங்க, அதனால தெரிஞ்ச முகம்ங்கற சலுகையும் இல்ல பகையும் இல்ல. காலேஜ்ல படிக்கறவங்களுக்கு ஸ்டூடன்ட் ப்ரொடக்ஷன் அவார்டுன்னு தனியா இருக்கு, அதுலயும் ஸ்போர்ட்ஸ் உண்டு. ஒரே வேலைய ரெண்டு எடத்துலயும் போட்டுப் பாக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, மாட்டிக்குவீங்க.

கேட்டகரி: பாதி வேலை இங்கதான்

லிஸ்ட்ட முதல் தடவ பாத்தா தல சுத்தும். சூப்பர் போல் மாதிரி ஒரே நாள் நடக்கறதுக்கு லைவ் ஸ்பெஷல், வாராவாரம் வர்றதுக்கு லைவ் சீரிஸ், ப்ளேஆஃபுக்கு தனி, ஸ்டுடியோ ஷோவுல டெய்லி தனி வீக்லி தனி, டாக்குமென்டரில சின்னது பெருசு தொடர், ஃபீச்சர்ல சின்னது பெருசு, ஷோ தொடங்கும்போது வர்ற ஓபன், டீஸ், அப்புறம் ஜர்னலிசம், ப்ரோமோ, ஸ்பானிஷ் மொழி ஒளிபரப்புக்குன்னு ஒரு தொகுதி. ஆளுங்களுக்குன்னு பாத்தா ஸ்டுடியோ ஹோஸ்ட், ப்ளே பை ப்ளே (ஆட்டம் நடக்க நடக்க சொல்ற கமென்டேட்டர்), அனலிஸ்ட், சைட்லைன் ரிப்போர்ட்டர். கைவேலைன்னு பாத்தா கேமரா, எடிட்டிங், சவுண்ட், லைவ் கிராஃபிக்ஸ், மியூசிக், டெக்னிக்கல் டீம். எழுத்துக்கு டிக் ஷாப் பேர்ல ஒரு விருது, புது டெக்னாலஜிக்கு ஜார்ஜ் வென்சல் பேர்ல ஒரு விருது.

இங்க பொதுவா நடக்கறது என்னன்னா பெரிய பேரா இருக்கற கேட்டகரிக்கு எல்லாரும் ஓடறது. லைவ் ஸ்பெஷல்ல யாரு வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, நாட்டுலயே பெரிய ஈவென்ட்டெல்லாம் அங்கதான் நிக்கும். உங்க ஷோவுல உண்மையிலயே அசத்தினது சவுண்ட் ஆளா இருந்தா எதுக்கு அங்க போய் முட்டிக்கணும்?

எனக்குத் தெரிஞ்ச நல்ல சோதனை ஒண்ணு இருக்கு. உங்க பெஸ்ட்டுன்னு நீங்க நினைக்கற பத்து நிமிஷத்த எடுத்து சத்தத்த மொத்தமா அணைச்சுட்டுப் பாருங்க. அப்பவும் கத புரிஞ்சா, கண்ண எடுக்க முடியலன்னா, உங்ககிட்ட இருக்கறது கேமராவோ எடிட்டிங்கோ டைரக்ஷனோ. அடுத்தது படத்த மறைச்சுட்டுக் கேளுங்க. பந்து மட்டைல படற சத்தம், கோச் கத்தறது, கூட்டம் மூச்ச இழுக்கறது எல்லாம் எடத்துக்கு எடம் சரியா வந்து விழுந்தா அது சவுண்ட் என்ட்ரி. கமென்டேட்டர் பேச்ச மட்டும் கேட்டே உங்களுக்கு ஸ்கோர், நேரம், யாருகிட்ட பந்து இருக்கு எல்லாம் தெரிஞ்சா அது ப்ளே பை ப்ளே. ரெண்டுலயும் சுமாரா இருந்து ரெண்டும் சேர்ந்தாத்தான் நல்லாருக்குன்னா மொத்த ஷோவா அனுப்பற கேட்டகரிய யோசிங்க. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லுக்குப் படம் எடுக்கற என்எஃப்எல் ஃபிலிம்ஸோட ஸ்டீவ் சேபல் 35 எம்மி வாங்கினவரு, அதுல ஆச்சரியம் எண்ணிக்கை இல்ல, எழுத்து, கேமரா, எடிட்டிங், டைரக்ஷன், ப்ரொடக்ஷன்னு அத்தனை விதமான வேலைக்கு வாங்கினாரு. ஒரே ஃபுட்பால் படத்துக்குள்ள இத்தன வேலை தனித்தனியா இருக்குன்னு புரிஞ்சுகிட்ட ஆளு. நீங்களும் உங்க ஷோவ அப்படிப் பிரிச்சுப் பாருங்க.

ஜர்னலிசம் கேட்டகரி மட்டும் வேற ஜாதி. அங்க மேட்ச்சே வேண்டியதில்ல. எச்பிஓ சேனலோட ரியல் ஸ்போர்ட்ஸ்ங்கற ஷோ 2004ல ஒட்டகப் பந்தயத்துல சின்னப் பசங்கள ஜாக்கியா அடிமை மாதிரி வச்சிருந்தத வெளிய கொண்டுவந்துச்சு, அதுக்கு ஸ்போர்ட்ஸ் எம்மியும் வந்துச்சு, செய்தித்துறையில பெரிசா மதிக்கற டூபான்ட் கொலம்பியா விருதும் வந்துச்சு. இன்னும் பின்னாடி போனா 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸ், இஸ்ரேல் டீமத் தாக்கினப்ப ஏபிசியில மணிக்கணக்கா உக்காந்து நடந்தத சொன்ன ஜிம் மெக்கே, அவருக்கு ஸ்போர்ட்ஸுக்கு ஒரு எம்மி, நியூஸுக்கு ஒரு எம்மி. உங்க கிட்ட உண்மையிலயே தோண்டி எடுத்த கத இருந்தா அத ஃபீச்சர்னு போட்டு அழகுப் போட்டியில நிறுத்தாதீங்க.

எந்தத் துண்ட வெட்டி எடுக்கறது

இங்கதான் நிதானமா உக்காரணும். ரெண்டு பழைய சம்பவத்த சொல்றேன், ரெண்டும் பேஸ்பால், ரெண்டும் என்பிசி சேனல்ல போனது.

1975 வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலோட ஃபைனல், அதுல ஆறாவது கேம், பாஸ்டன் ஃபென்வே பார்க், பன்னெண்டாவது இன்னிங்ஸ். கார்ல்டன் ஃபிஸ்க் அடிச்ச பந்து லெஃப்ட் ஃபீல்டுல ஃபவுல் கம்பத்த ஒட்டி பறக்குது, உள்ள விழுதா வெளிய போகுதான்னு யாருக்கும் தெரியல. அந்தக் காலத்துல கேமராமேனுக்கு ஒரே வேலைதான், பந்து எங்க போகுதோ அங்க போ. ஆனா லெஃப்ட் ஃபீல்டு சுவத்துக்குள்ள, ஸ்கோர்போர்டு பின்னாடி உக்காந்திருந்த கேமராமேன் பந்த விட்டுட்டு ஃபிஸ்க் மேலயே நின்னுட்டாரு, பக்கத்துல எலி ஒண்ணு வந்து உக்காந்துடுச்சு, கேமராவத் திருப்ப முடியலன்னு பின்னாடி அவரே காரணம் சொன்னாரு. அதனால நமக்குக் கிடைச்சது என்ன? ஃபிஸ்க் முதல் பேஸ் பக்கம் துள்ளித் துள்ளிப் போய்க்கிட்டே ரெண்டு கையாலயும் பந்த "உள்ள போ, உள்ள போ"ன்னு தள்ளறாரு, பந்து கம்பத்துல பட்டு ஹோம் ரன் ஆனதும் ரெண்டு கையும் மேல போகுது. ரியாக்ஷன் ஷாட்டுன்னா என்னன்னு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் டிவிக்கு பாடம் எடுத்த ஷாட் அது.

இப்ப இத ஒரு கேமரா என்ட்ரிக்கு நீங்க வெட்டறீங்கன்னு வச்சுக்கங்க. நெறைய பேர் பந்து பறக்கற வைட் ஷாட்ட வச்சு, ஸ்கோர் கிராஃபிக்ஸ வச்சு, கூட்டத்த வச்சு, ஃபிஸ்க்க ரெண்டு செகண்டு காட்டி முடிச்சிடுவாங்க, ஏன்னா ஹைலைட்ஸ் வெட்டற கை அப்படித்தான் பழகியிருக்கும். ஜட்ஜுக்கு வேணும்கறது அந்த ஒரு ஷாட், ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும், அசையாம.

ரெண்டாவது 1988 வேர்ல்ட் சீரிஸ் முதல் கேம், டாட்ஜர் ஸ்டேடியம். ரெண்டு காலும் சரியில்லாத கிர்க் கிப்சன் நொண்டிக்கிட்டே வந்து ஹோம் ரன் அடிக்கறாரு. கமென்ட்ரி வின் ஸ்கல்லி. பந்து போயிடுச்சுன்னு ரெண்டு வார்த்த சொன்னாரு, அப்புறம் ஒரு நிமிஷத்துக்கும் மேல வாயே திறக்கல. கிப்சன் பேஸ சுத்தி வர்றாரு, கை முட்டிய மடக்கி பின்னாடி இழுக்கறாரு, டீம் மொத்தமும் ஓடி வருது, கூட்டம் கத்துது, மனுஷன் சும்மா இருக்காரு. எல்லாம் ஆனப்புறம்தான் நடக்கவே வாய்ப்பில்லாத ஒரு வருஷத்துல நடக்கவே முடியாதது நடந்துடுச்சுங்கற மாதிரி ஒரே ஒரு வரி. ப்ளே பை ப்ளே என்ட்ரி வெட்டற பசங்க மொதல்ல கத்திரி வைக்கறது எங்கன்னு நினைக்கறீங்க, அந்த ஒரு நிமிஷத்துல. "ஆள் பேசவே இல்லையே, ரீல்ல நேரம் வீணாகுது"ம்பாங்க. அந்த மௌனம்தான்யா வேல!

அப்ப விதி இதுதான்: யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு தெரியற எடத்த வெட்டுங்க. கோல் விழுந்த எடம் அதுவா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஐஸ் ஹாக்கி எடுத்துக்கங்க. கோல் விழுந்துடுச்சு, எல்லா கேமராவும் கட்டிப்பிடிக்கறவங்கள காட்டுது, ஆனா ட்ரக்குக்குள்ள ரீப்ளே ஆப்பரேட்டர் ஒருத்தர் அத பாக்காம முப்பது நாப்பது நொடி பின்னாடி ஓட்டிக்கிட்டு இருக்காரு, அந்த அட்டாக் ப்ளூ லைன் தாண்டின நிமிஷத்துக்கு. ஏன்னா பக் (அங்க பந்துக்குப் பதிலா இருக்கற வட்டத் தட்டு) லைன தாண்டறதுக்கு முன்னாடி ஒரு ப்ளேயரோட ரெண்டு ஸ்கேட்டும் தாண்டின மாதிரி அவருக்கு ஒரு சந்தேகம், அப்படின்னா ஆஃப்சைடு, கோல் செல்லாது. எதிர் டீம் கோச் சேலஞ்ச் கேக்கறதுக்குள்ள லைனுக்கு நேரா இருக்கற கேமராவுல அந்த ஃபிரேம் ரெடி. டைரக்டர் கொண்டாட்டத்துலருந்து நேரா அதுக்குப் போறாரு, அனலிஸ்ட் ஸ்கேட்டையும் பக்கையும் காட்டி ஒரே வரில சொல்லிடறாரு, ரெஃப்ரி டேப்லெட்ட கையில வாங்கறதுக்கு முன்னாடியே பாக்கறவங்களுக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. லைவ் கவரேஜ் என்ட்ரில இந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி மூணு கோல் நிக்க முடியாது. வெட்டும்போது கொண்டாட்டத்துலருந்து ஆரம்பிங்க, நேரா ரீப்ளேலருந்து ஆரம்பிச்சா அந்த ஆள் எவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்சாருங்கறதே காணாம போயிடும்.

இதயெல்லாம் சீசன் முடிஞ்சு தேடினா கிடைக்காது. மேட்ச் முடிஞ்ச ராத்திரியே ஒரு ஃபைல்ல தேதி, டைம்கோட் (ரெக்கார்டிங்ல எந்த நிமிஷம், எந்த செகண்டு), "யாரு, என்ன பண்ணாங்க"ன்னு ஒரு வரி போட்டு வைங்க. ஏர்ல போன, அதாவது ஒளிபரப்பான ரெக்கார்டிங்க பத்திரமா வைங்க, சில எடத்துல கொஞ்ச நாள்ல சர்வர்லருந்து அழிச்சிடுவாங்க, அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

வெட்டி ஒட்டறதுல இருக்கற கட்டுப்பாடு

ஏர்ல எப்படிப் போச்சோ அப்படியே போகணும். கலர் கொஞ்சம் சரி பண்ணிக்கறேன், அந்த ஒரு கிராஃபிக்ஸ் தப்ப மட்டும் திருத்திக்கறேன், சவுண்ட் லெவல ஏத்திக்கறேன், எதுவும் கூடாது. நிறைய துண்டு சேர்த்து அனுப்பற கேட்டகரில ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் நடுவுல சின்னதா கறுப்பு விட்டா போதும், பாட்டு போட்டு, டைட்டில் போட்டு, ஸ்லோமோஷன் போட்டு ட்ரெய்லர் மாதிரி பண்ணிட்டீங்கன்னா தூக்கி வெளிய போட்டுடுவாங்க. எவ்ளோ நீளம், எத்தன துண்டு, எத்தன எபிசோடுலருந்து எடுக்கலாம், இதெல்லாம் கேட்டகரிக்குக் கேட்டகரி மாறும், வருஷத்துக்கு வருஷமும் மாறும், அதனால போன வருஷம் அனுப்பின நண்பர்கிட்ட கேக்காம அந்த வருஷ ரூல் புக்க டவுன்லோடு பண்ணி உங்க கேட்டகரி பக்கத்த மட்டுமாவது முழுசா படிங்க. போரடிக்கும்தான், படிங்க.

வரிசை பத்தி ஒண்ணு. காலவரிசையில அடுக்கணும்னு எல்லாரும் ஆசைப்படுவாங்க. ஜட்ஜ் யாருன்னு நினைச்சுப் பாருங்க, உங்கள மாதிரியே வேல பாக்கற ஒருத்தர், சம்பளம் இல்லாம, வீட்ல லேப்டாப்ல, ஒரே கேட்டகரில வரிசையா என்ட்ரி பாத்துக்கிட்டு இருக்காரு. மொத துண்டுலயே "அட"ன்னு நிமிர்ந்து உக்காரணும். அதனால பெஸ்ட்ட முன்னாடி, அடுத்த பெஸ்ட்ட கடைசில, சந்தேகமா இருக்கறத குப்பையில. நேரம் மிச்சம் இருக்குன்னு ரொப்பாதீங்க. பத்து நிமிஷம் வரைக்கும் அனுமதின்னா ஏழு நிமிஷத்துல முடிச்சவங்கள யாரும் கோச்சுக்க மாட்டாங்க, மூணு நிமிஷம் இழுத்தவங்கள கோச்சுக்குவாங்க.

டெக்னாலஜி என்ட்ரின்னா

இதுல இன்ஜினியருங்க எல்லாம் ஒரே மாதிரி சொதப்புவாங்க, மெஷினப் பத்தி எழுதுவாங்க, பாக்கறவனுக்கு என்ன ஆச்சுன்னு எழுத மாட்டாங்க. அமெரிக்க ஃபுட்பால டிவில பாக்கும்போது தெரியற மஞ்சக் கோடு இருக்கே, ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது பந்த தொடர்ந்து கையில வச்சுக்க, எங்க வரைக்கும் போகணும்னு காட்டறது, அது 1998 செப்டம்பர் 27 ஈஎஸ்பிஎன்ல பெங்கால்ஸ் ரேவன்ஸ் மேட்ச்ல முதல் தடவ வந்துச்சு, எம்மியும் வாங்குச்சு. பண்ணது ஸ்போர்ட்விஷன்ங்கற கம்பெனி, 1996ல ஐஸ் ஹாக்கி பக்குக்கு ஃபாக்ஸ் சேனல்ல ஒளிவட்டம் குடுத்த வேலைல இருந்தவங்கதான் அதத் தொடங்கினாங்க. உள்ள நடக்கறது லேசுப்பட்டது இல்ல, ஒவ்வொரு கேமராவும் எந்தப் பக்கம் எவ்ளோ திரும்பிச்சு, எவ்ளோ ஜூம் ஆச்சுன்னு சென்சார் சொல்லிக்கிட்டே இருக்கணும், மைதானம் நடுவுல லேசா மேடா இருக்கறதால அந்த வளைவோட மாடல் கம்ப்யூட்டர்ல இருக்கணும், புல்லோட நிறம் எது ஜெர்சியோட நிறம் எதுன்னு பிரிச்சாத்தான் கோடு ப்ளேயர் காலுக்கு அடியில போற மாதிரி தெரியும். ஆனா இத விளக்கணும்னா மொத வரி சென்சாரா இருக்கக் கூடாது. "இன்னும் எத்தன கெஜம் போகணும்னு வீட்ல இருக்கறவனுக்கு இதுவரைக்கும் தெரியாது, இப்ப பாத்ததும் தெரியுது" இதான் மொத வரி. அப்புறம் முன்னாடி பின்னாடி ரெண்டு கிளிப், அதுக்கப்புறம் சென்சார் கிராஃபெல்லாம் போடுங்க.

எழுதிக் குடுக்கறது

எல்லா கேட்டகரிக்கும் எழுத்து கேக்க மாட்டாங்க, கேக்கற எடத்துல பெரும்பாலும் சின்னதா கேப்பாங்க. அதுல இப்படி எழுதினா ஜட்ஜ் தாண்டிப் போயிடுவாரு: "எங்கள் குழுவின் அயராத உழைப்பாலும் குன்றாத ஆர்வத்தாலும் ரசிகர்களுக்கு மறக்க முடியாத அனுபவத்தை வழங்கினோம்." இது எந்த ஷோவுக்கு வேணாலும் பொருந்தும். அந்த ஹாக்கி துண்டுக்கு இப்படி எழுதிப் பாருங்க: "கோல் விழுந்ததும் சேலஞ்ச் வர்றதுக்கு முன்னாடியே ப்ளூ லைன் ரீப்ளே தயார் ஆச்சு. ரெஃப்ரி பாக்கறதுக்கு முன்னாடி பாக்கறவங்க பாத்தாங்க. ரெண்டாவது துண்டுல அதப் பாக்கலாம்." எந்தத் துண்டுல எத பாக்கணும்னு சொல்றதுதான் அந்த எழுத்துக்கு வேலையே. படத்துல தெரியாத சிரமம் இருந்தா அதையும் போடுங்க, மழையில ரெண்டு கேமரா போச்சு, மிச்சத்த வச்சே ரெண்டாவது பாதிய ஓட்டினோம்னா அது ஜட்ஜுக்குத் தானா தெரியாது, நல்லா பண்ணியிருந்தா சுத்தமா தெரியாது. ஆனா அழாதீங்க, பட்ஜெட் கம்மி ஆள் கம்மின்னு புலம்பினா யாருக்கும் மார்க் ஏறாது.

பேர் லிஸ்ட்: இதுல வெளையாடாதீங்க

க்ரெடிட் லிஸ்ட்ட கடைசி நாள் ராத்திரி யாரோ ஒரு இன்டர்ன் தலையில கட்டறது வழக்கம். அங்கதான் வம்பே ஆரம்பிக்கும். ட்ரக்ல பாதிப் பேர் ஃப்ரீலான்ஸ், ஒரு மேட்ச்சுக்கு வந்துட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க, வருஷக் கடைசில அவங்க பேர யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. மேட்ச் நாளோட க்ரூ லிஸ்ட்ட அந்தந்த டைம்கோட் ஃபைலோடயே சேர்த்து வைங்க, நீங்க வெட்டின துண்டு எந்த மேட்ச்லருந்துன்னு பாத்து அந்த மேட்ச்ல யாரு ரீப்ளேல உக்காந்தாங்கன்னு சரிபாருங்க. பேர எப்படி எழுதணும்னு அவங்ககிட்டயே கேளுங்க, குறிப்பா நம்ம ஊர்ப் பேர்லாம் இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா பேர் கடைசி பேரான்னு நம்மளே குழம்புவோம், அவங்க என்ன பண்ணுவாங்க.

யாரு தகுதி, யாரு தகுதி இல்லங்கறது கேட்டகரியப் பொறுத்தது. இதுல பெருசா அடிபட்டது ஈஎஸ்பிஎன். 2024 ஜனவரியில தி அத்லெட்டிக்ங்கற ஸ்போர்ட்ஸ் செய்தித்தளம் அத வெளிய கொண்டுவந்துச்சு. ஈஎஸ்பிஎன்னோட காலேஜ் கேம்டே மாதிரி வீக்லி ஷோவுக்கான விருதுல ஸ்க்ரீன்ல வர்ற ஹோஸ்ட், அனலிஸ்ட்டுக்கெல்லாம் அப்ப சிலை கிடையாது, அவங்களுக்குத்தான் தனி கேட்டகரி இருக்கே, ஒரே வேலைக்கு ரெண்டு எடத்துல வாங்கக்கூடாதுங்கற கணக்கு. ஈஎஸ்பிஎன்ல என்ன பண்ணாங்கன்னா இல்லாத ஆளுங்க பேர அசோசியேட் ப்ரொட்யூசர்னு க்ரெடிட் லிஸ்ட்ல சேர்த்தாங்க, கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட்டுக்கு கிர்க் ஹென்றி, லீ கோர்சோவுக்கு லீ கிளார்க், டெஸ்மண்ட் ஹோவர்டுக்கு டர்க் ஹோவர்டுங்கற மாதிரி. சிலை வந்ததும் பேர மாத்தி ஸ்க்ரீன்ல வர்ற அந்த ஆளுங்ககிட்டயே குடுத்துட்டாங்க. இது ஒரு தடவ இல்ல, குறைஞ்சது 2010லருந்து வருஷக்கணக்கா. வாங்கினவங்களுக்கு விஷயமே தெரியாதுன்னுதான் சொல்றாங்க. கண்டுபிடிச்சப்புறம் முப்பதுக்கு மேல சிலைய திருப்பிக் குடுத்து மன்னிப்பு கேக்க வேண்டியதாப் போச்சு. வேடிக்கை என்னன்னா அந்த ரூலையே 2023ல மாத்திட்டாங்க, கொஞ்சம் பொறுத்திருந்தா நேர்வழியிலயே வாங்கியிருக்கலாம்.

அதனால தகுதி இல்லாதவங்க பேர இழுத்து உள்ள நுழைக்காதீங்க, "அசோசியேட்"னு ஏதாச்சும் ஒரு பட்டத்த கண்டுபிடிக்காதீங்க. சிலை கிடைக்காதவங்களுக்குக்கூட பங்களிப்பு சர்டிஃபிகேட் வாங்கிக் குடுக்க வழி இருக்கு, அத கேட்டுப் பண்ணிக்குடுங்க. அதே மாதிரி தகுதி இருக்கறவங்க விட்டுப்போகவும் கூடாது, ஒரு சவுண்ட் அசிஸ்டன்ட் பேர விட்டுட்டு ஜெயிச்சுட்டு வந்தீங்கன்னா அடுத்த சீசன் அந்த ட்ரக்குக்குள்ள போய்ப் பாருங்க, யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க.

மத்த விருதுங்க பத்தி ரெண்டு வரி

ஒலிம்பிக்ஸ் கவர் பண்ணினவங்களுக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியான ஐஓசியோட கோல்டன் ரிங்ஸ் இருக்கு, ரொம்ப கனமான ஜர்னலிசம்னா பீபடி, பிரிட்டன்ல வேலைன்னா ராயல் டெலிவிஷன் சொசைட்டி, பாஃப்டா. எல்லாத்துக்கும் ரூல் வேற வேற, ஆனா வெட்டற முறை இதேதான்.

ஜட்ஜா போங்க, அதுதான் ஷார்ட்கட்

நீங்க என்ட்ரி போடாத கேட்டகரிலயோ வேற சாப்டர் என்ட்ரிகளுக்கோ ஜட்ஜா பேர் குடுக்கலாம், தகுதி இருந்தா சேர்த்துப்பாங்க. ஒரு தடவ உக்காந்து இருபது என்ட்ரி பாத்தீங்கன்னா நான் இங்க எழுதின எதுவும் தேவைப்படாது. எந்த எடத்துல உங்க கை தானா மொபைலத் தேடுது, எந்த எடத்துல பின்னாடி ஓட்டி மறுபடி பாக்கறீங்கன்னு நீங்களே கவனிப்பீங்க. ரீஜனல்ல ஒவ்வொரு என்ட்ரிக்கும் அதோட தரத்த வச்சுத்தான் மார்க், பக்கத்து என்ட்ரியோட ஒப்பிட்டு இல்ல, அதனால ஒரு கேட்டகரில ரெண்டு பேர் ஜெயிக்கறதும் உண்டு, ஒருத்தருமே ஜெயிக்காம போறதும் உண்டு. பெரிய சேனல் போட்டிக்கு வந்திருக்கேன்னு பயந்து பின்வாங்கறவங்க இத தெரிஞ்சுக்கணும்.

கடைசி வாரத்துல பண்ண வேண்டியது அலுப்பான வேலைங்கதான். ஃபீஸ் யாரு கட்டறா, கம்பெனியா நீங்களான்னு முன்னாடியே பேசிடுங்க. கடைசி நாள் ராத்திரி அப்லோடு பண்ணாதீங்க, அன்னிக்கு எல்லாரும் பண்ணுவாங்க. அப்லோடு ஆனப்புறம் வேற ஒரு கம்ப்யூட்டர்ல, ஹெட்போன் போட்டு, முழுசா ஓட்டிப் பாருங்க, கமென்ட்ரி ஒரு காதுல மட்டும் வருதா, ஸ்டேடியம் சத்தம் மொத்தமா காணுமா, கடைசி நாலு செகண்டு வெட்டுப்பட்டிருக்கா, இதெல்லாம் அப்லோடுலதான் ஆகும், உங்க டைம்லைன்ல பாத்தா சரியாத்தான் இருக்கும். கட்டின ஃபீஸுக்கு ரசீது, சப்மிட் ஆன மெயில், க்ரெடிட் லிஸ்ட்டோட ஒரு காப்பி, மூணையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. நாமினேஷன் லிஸ்ட் வந்தா சந்தோஷத்துல போஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் எழுத்துக்கூட்டிப் படிங்க, தப்பு இருந்தா அன்னிக்கே மெயில் போடுங்க, நாள் கடந்து போய்ட்டா அவங்களும் திருத்த மாட்டாங்க.